கூலண்ட் எங்கே போகிறது? பாய்மரப் படகின் டீசல் இன்ஜினில் கசிவைத் தேடிப் பிடிக்கும் முறை

மலாக்கா நீரிணையில் பாய்மரப் படகு வைத்திருப்பவருக்குப் பாயைவிட இன்ஜின்தான் அதிகம் உழைக்கிறது. இங்கே காற்று பெரும்பாலும் மெலிது, திசையும் நிலையாக நிற்காது. போர்டிக்சன் அட்மிரல் மெரினாவிலிருந்து வடக்கே போர்ட் கிள்ளானுக்கோ தெற்கே மலாக்காவுக்கோ போவதென்றால் பகல் முழுதும் டீசலை நம்ப வேண்டிவரும். ஒரு பக்கம் பெரிய கப்பல்களின் தடம், இன்னொரு பக்கம் மீனவர் வலைகள், தென்மேற்குப் பருவத்தில் விடியலுக்கு முன் வந்து அடிக்கும் சுமத்ரா காற்று. இவற்றுக்கு நடுவே இன்ஜின் சூடேறி நின்றால் உயிருக்கே ஆபத்து.

இருந்தும் பல படகுகளில் நடப்பது இதுதான்: காலையில் மூடியைத் திறக்கிறார்கள், குறைந்திருக்கிறது, அரை லிட்டர் ஊற்றுகிறார்கள், கயிற்றை அவிழ்க்கிறார்கள். அடுத்த வாரமும் அதே. கூலண்ட் ஓடுவது மூடிய சுற்றில். அது குறைந்தால் எங்கோ போயிருக்கிறது என்றுதான் பொருள். தோட்டத்து லாரியில் கசிந்தால் நிறுத்திய இடத்தில் ஈரம் தெரியும். படகில் அது பில்ஜுக்குள் இறங்கலாம், எக்ஸாஸ்ட் வழியாகக் கடலுக்குப் போகலாம், நீங்கள் முகம் கழுவும் சுடுதண்ணீரிலும் கலக்கலாம். கண்ணுக்குத் தெரியாத கசிவுதான் இவற்றில் மோசமானது.

இந்த அத்தியாயத்தின் வரிசை ஒரே கொள்கையில் அமைந்தது. மலிவானதையும் சுலபமானதையும் முதலில் பாருங்கள், எதையும் கழற்றுவதற்கு முன் சோதியுங்கள். ஒரு மூடியை மாற்றினால் தீர்ந்திருக்கும் கோளாறுக்கு சிலிண்டர் ஹெட்டைக் கழற்றிய படகுகள் உண்டு.

## தெரிந்திருக்க வேண்டியது இவ்வளவுதான்

படகு இன்ஜினில் இரண்டு தண்ணீர் ஓடுகிறது. உள்ளே ஓடுவது கூலண்ட்: பிளாக், ஹெட், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு, ஹெடர் டாங்க் என்று சுற்றி வரும். வெளியே ஓடுவது கடல் தண்ணீர்: சீ காக், வடிகட்டி, இம்பெல்லர் பம்ப், ஹீட் எக்ஸ்சேஞ்சர் வழியாகப் போய் எக்ஸாஸ்ட் எல்போவில் புகையோடு கலந்து வெளியேறும். இரண்டும் சந்திக்காமல் பக்கத்தில் பக்கத்தில் ஓடும் இடம் ஹீட் எக்ஸ்சேஞ்சர்.

உங்கள் இன்ஜின் இந்த வகைதானா என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். பழைய யன்மார் 2ஜிஎம்20 நேரடியாகக் கடல் தண்ணீரில் குளிர்வது. அதில் கூலண்டே கிடையாது. பெயரின் கடைசியில் எஃப் சேர்ந்த 2ஜிஎம்20எஃப், 3ஜிஎம்30எஃப், பின்னால் வந்த 3ஒய்எம்30 போன்றவை கூலண்ட் வகை.

ஹெடர் டாங்க் மூடி குக்கர் விசில் செய்யும் வேலையைச் செய்கிறது. 0.9 என்று எண் போட்ட மூடி சுமார் 0.9 பார் அழுத்தம் வரை பிடித்து வைக்கும். அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீர்கூட சுமார் 118 டிகிரி வரை கொதிக்காது. இன்ஜின் ஓடும்போது உள்தண்ணீரின் அழுத்தம் கடல் தண்ணீரைவிட அதிகம். அதனால் நடுச்சுவரில் ஓட்டை இருந்தால் கூலண்ட் கடலுக்குப் போகும். ஆறிய பிறகு இது தலைகீழாகிக் கடல் தண்ணீர் உள்ளே வரவும் கூடும். கூலண்ட் மட்டம் காரணமில்லாமல் ஏறினால் அதையும் கசிவாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

## கை வைப்பதற்கு முன்

எச்சரிக்கை 1. சூடான இன்ஜினின் மூடியைத் திறக்காதீர்கள். அழுத்தம் போன நொடியில் உள்ளே இருப்பது கொதித்து முகத்தில் பீறிடும். ஹெடர் டாங்கின் மேல் வெறுங்கையை வசதியாக வைத்திருக்க முடிந்தால்தான் திறக்கலாம். அப்போதும் தடித்த துணியைப் போர்த்தி, முதல் பள்ளம் வரை மட்டும் திருப்பி, சீறல் அடங்கிய பிறகு முழுதும் திறங்கள்.

எச்சரிக்கை 2. எத்திலின் கிளைகோல் கலந்த கூலண்ட் இனிக்கும் விஷம். உப்பா இனிப்பா என்று நாக்கில் தொட்டுப் பார்க்கும் பழக்கம் சில பட்டறைகளில் இருக்கிறது. அதை அடியோடு விடுங்கள். ஜெட்டியில் சிந்தியதைப் பூனையும் நாயும் நக்கும், உடனே துடைத்துக் கழுவுங்கள்.

எச்சரிக்கை 3. சீ காக்கை மூடும்போதெல்லாம் இன்ஜின் சாவியை அதன் கைப்பிடியில் மாட்டுங்கள். மூடியிருப்பதை மறந்து ஸ்டார்ட் செய்தால் இம்பெல்லர் சில நிமிடங்களில் கிழிந்துவிடும்.

எச்சரிக்கை 4. இன்ஜின் ஓடும்போது பெல்ட் பக்கம் துணி, துண்டு, கழுத்துச் சங்கிலி, அவிழ்ந்த முடி எதுவும் நெருங்கக் கூடாது. ஓடும் இன்ஜினைப் பார்ப்பது டார்ச்சாலும் கண்ணாலும் மட்டும்.

தேவைப்படும் பொருள்கள் அதிகமில்லை: டார்ச், சிறிய கண்ணாடி, வெள்ளை டிஷ்யூ, மாஸ்கிங் டேப், பேனா, ஒரு நோட்டு. கூலிங் சிஸ்டத்தைச் சோதிக்கும் கைப்பம்ப் ஒன்று, கேஜோடும் உங்கள் ஹெடர் டாங்க் கழுத்துக்குப் பொருந்தும் அடாப்டரோடும் வேண்டும். கார் பட்டறை வைத்திருக்கும் நண்பரிடம் அது இருக்கும்.

## முதல் கட்டம்: உண்மையிலேயே குறைகிறதா?

1. காலையில், இன்ஜின் முழுதும் ஆறியிருக்கும்போது ஹெடர் டாங்கைக் கழுத்து வரை நிரப்புங்கள். ஓவர்ஃப்ளோ பாட்டிலில் மேல்கோட்டுக்கும் கீழ்கோட்டுக்கும் நடுவே விடுங்கள்.
2. பாட்டிலின் மட்டத்தில் டேப் ஒட்டித் தேதியையும் இன்ஜின் மணிக்கணக்கையும் எழுதுங்கள்.
3. ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். மெரினாவிலேயே சோதிப்பதென்றால் கயிறுகளை இரட்டிப்பாகக் கட்டி, கியரில் போட்டு, மிதமான சுமையில் ஓட்டுங்கள். கியர் போடாமல் ஓட்டினால் பல கசிவுகள் வெளிப்படாது.
4. அடுத்த நாள் காலை, அதே நேரத்தில், இரண்டு மட்டங்களையும் பாருங்கள்.

இப்போது பார்த்ததை வைத்து வழி பிரிகிறது.

ஹெடர் நிறைந்திருக்கிறது, பாட்டில் மட்டும் சற்றுக் குறைந்திருக்கிறது. கூலண்ட் மாற்றிய பிறகு முதல் சில ஓட்டங்களில் இது இயல்பு. உள்ளே சிக்கிய காற்று வெளியேறி அந்த இடத்தைக் கூலண்ட் பிடிக்கிறது. பாட்டிலை மேல்கோட்டுக்கு மேல் நிரப்பியிருந்தாலும் மிகுதி வழிந்து, தன் மட்டத்தில் நின்றுவிடும். அதைக் கசிவென்று நினைத்து மறுபடி மறுபடி நிரப்பாதீர்கள்.

ஹெடர் குறைந்திருக்கிறது, பாட்டில் ஏறியிருக்கிறது. சூட்டில் பாட்டிலுக்குப் போன கூலண்ட் ஆறும்போது திரும்பவில்லை. மூடியின் நடுவிலுள்ள சிறிய வால்வு ஒட்டியிருக்கலாம், பாட்டிலுக்குப் போகும் மெல்லிய குழாய் வெடித்துக் காற்றை இழுக்கலாம். குழாயின் முனை பாட்டிலின் அடிவரை போகாமல் மேலே தொங்கினாலும் இதே கதைதான். இவற்றைச் சரிசெய்த பிறகும் பாட்டில் பொங்கினால் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகிக்கலாம்.

இரண்டும் குறைந்திருக்கின்றன. உண்மையான கசிவு. தொடருங்கள்.

அதற்கு முன் ஒரு கேள்வி: முதலில் வந்தது சூடா, குறைவா? வடிகட்டியில் பிளாஸ்டிக் பை சிக்கியோ, இம்பெல்லர் இறக்கை ஒடிந்தோ, எக்ஸ்சேஞ்சர் குழல்களில் சிப்பியும் உப்பும் அடைத்தோ கடல் தண்ணீர் குறைந்தால், இன்ஜின் சூடேறி மூடி வழியாகக் கூலண்டைத் துப்பும். அப்படிப்பட்ட படகில் கூலண்ட் பக்கம் எந்தக் கோளாறும் இருக்காது. வெப்ப முள் வழக்கத்தைவிட ஏறிய பிறகுதான் மட்டம் குறைந்தது என்றால், எக்ஸாஸ்ட்டில் தண்ணீர் தாராளமாக வருகிறதா என்று பார்த்து, வடிகட்டியிலும் இம்பெல்லரிலும் தொடங்குங்கள்.

## இரண்டாம் கட்டம்: மூடி

மூடியை வேறு சோதனை இல்லாமலே மாற்றிவிடலாம். விலை குறைவு. ரப்பரில் வட்டப் பள்ளம் விழுந்திருந்தாலும், ஸ்பிரிங் துருப்பிடித்திருந்தாலும் மாற்றுங்கள். புதிய மூடியில் பழைய எண்ணே இருக்க வேண்டும். நன்றாகப் பிடிக்கட்டும் என்று கூடுதல் எண் போட்ட கார் மூடியை வாங்கிப் போடுவது அடிக்கடி நடக்கும் தவறு. அந்தக் கூடுதல் அழுத்தம் பழைய குழாயிலோ எக்ஸ்சேஞ்சர் ரப்பரிலோ போய் வெடிக்கும். டாங்க் கழுத்தின் உள்விளிம்பையும் விரலால் தடவிப் பாருங்கள். உப்புப் படிவோ சிராய்ப்போ இருந்தால் எந்த மூடியும் பிடிக்காது.

## மூன்றாம் கட்டம்: கண்ணுக்குத் தெரியும் கசிவு

1. இன்ஜினின் அடித்தட்டைத் துடைத்து முழுதும் உலர்த்துங்கள். பழைய எண்ணெய், பழைய தண்ணீர் எதுவும் இருக்கக் கூடாது.
2. அடித்தட்டில் வெள்ளை டிஷ்யூவை விரியுங்கள். குழந்தைகளின் பம்பர்ஸை வெட்டி விரித்தால் இன்னும் நல்லது. கூலண்டின் பச்சையோ சிவப்போ சொட்டு விழுந்த இடத்தில் அப்படியே நிற்கும்.
3. ஓட்டி, நிறுத்தி, கால் மணி நேரம் கழித்துப் பாருங்கள். நிறுத்தியவுடன் உள்வெப்பம் சிறிது நேரம் ஏறும். அழுத்தமும் அப்போது உச்சத்தில் இருக்கும்.
4. மறுநாள் காலை ஆறிய நிலையில் மறுபடி பாருங்கள். சூட்டில் இறுகி, ஆறினால் மட்டும் கசியும் குழாய் இணைப்புகள் உண்டு. ஒரு வேளை மட்டும் பார்ப்பவர் இவற்றைத் தவறவிடுவார்.

தேட வேண்டிய இடங்களில் முதலாவது சுழற்சிப் பம்ப். பெல்ட் சுற்றும் அந்தப் பம்பின் அடியில் ஒரு சிறு துளை இருக்கும். உள்சீல் தேய்ந்தால் அங்கிருந்து சொட்டுவதற்காகவே வைத்தது. அதை அடைத்துவிடாதீர்கள். சொட்டினால் பம்பை மாற்றும் காலம் வந்துவிட்டது. அடுத்து ஹீட் எக்ஸ்சேஞ்சரின் இரு முனைகளிலுள்ள ரப்பர் மூடிகளும் ஓ ரிங்குகளும். பிறகு தெர்மோஸ்டாட் மூடி, வடிகால் குழாய்கள், பிளாக்கின் பக்கவாட்டிலும் பின்னாலும் உள்ள வட்டத் தகடுகள். இன்ஜினின் பின்புறத் தகட்டுக்குக் கண் எட்டாது. கைப்பேசிக் கேமராவை நீட்டிப் படம் எடுங்கள்.

குழாய்களைக் கிளிப்புக்கு அருகே அழுத்திப் பாருங்கள். மொறமொறத்தாலோ, பஞ்சுபோல் அமுங்கினாலோ மாற்ற வேண்டும். காய்ந்த கூலண்ட் மாவுபோலவோ நிறமுள்ள பொருக்காகவோ படிந்திருக்கும். ஈரம் இல்லாவிட்டாலும் அந்தத் தடமே சாட்சி.

குறிப்பு: சுடுநீர்த் தொட்டி உள்ள படகில் கூலண்ட் குழாய்கள் இன்ஜினை விட்டு வெகுதூரம், படுக்கைக்கும் லாக்கருக்கும் அடியில் ஓடுகின்றன. இன்ஜின் அறை உலர்ந்திருக்கும், கசிவு பின்லாக்கரில் இருக்கும். குழாயின் முழு நீளத்தையும் கையால் தடவிக்கொண்டே போங்கள்.

## நான்காம் கட்டம்: அழுத்தச் சோதனை

வெளியே ஒன்றும் தெரியவில்லை, குறைவதும் நிற்கவில்லை. இந்தக் கட்டத்தில்தான் பொறுமை வேண்டும். அவசரப்படுபவர்கள் தேவையில்லாத பாகங்களைக் கழற்றுவதும் இங்கேதான்.

1. இன்ஜின் ஆறியிருக்கட்டும். ஹெடரைக் கழுத்து வரை நிரப்புங்கள்.
2. கைப்பம்பைப் பொருத்தி, மூடியில் போட்டிருக்கும் அழுத்தம் வரை மட்டும் ஏற்றுங்கள். 0.9 என்றால் 0.9. அதற்கு மேல் ஏற்றினால் நல்ல பாகத்தையும் கெடுப்பீர்கள்.
3. 20 நிமிடம் விடுங்கள். முள் அசையாமல் நின்றால் ஆறிய நிலையில் கசிவு இல்லை. இன்ஜினை இளஞ்சூடாக்கி நிறுத்தி மறுபடி சோதியுங்கள்.
4. முள் இறங்கினால் டார்ச்சோடு மூன்றாம் கட்ட இடங்களை மறுபடி சுற்றுங்கள். அழுத்தத்தில் சொட்டு தெரியலாம்.

முள் இறங்குகிறது, சொட்டு எங்கும் இல்லை என்றால் கசிவு உள்ளுக்குள். ஒவ்வொரு பகுதியாகப் பிரித்தெடுங்கள்.

அ. சுடுநீர்த் தொட்டி. தொட்டிக்குப் போகும் இரு குழாய்களையும் இன்ஜின் பக்கத்தில் கழற்றி, அந்த இரு முனைகளையும் ஒரு துண்டுக் குழாயால் ஒன்றோடொன்று இணையுங்கள். மறுபடி அழுத்தம் ஏற்றுங்கள். முள் இப்போது நின்றால் தொட்டிக்குள் இருக்கும் சுருள் ஓட்டை. அந்தத் தொட்டியின் சுடுதண்ணீரைக் குடிக்கவோ சமைக்கவோ பாத்திரம் கழுவவோ தொடாதீர்கள். சந்தேகம் எழுந்த நாளிலிருந்தே சுடுதண்ணீர் வரும் குழாயைக் கட்டிவைத்துவிடுங்கள்.

ஆ. ஹீட் எக்ஸ்சேஞ்சர். சீ காக்கை மூடுங்கள், சாவியை மாட்டுங்கள். எக்ஸ்சேஞ்சரிலிருந்து எல்போவுக்குப் போகும் கடல் தண்ணீர்க் குழாயைக் கழற்றி, கடல் பக்கத்தை முழுதும் வடித்து உலர்த்துங்கள். கூலண்ட் பக்கம் அழுத்தம் ஏற்றுங்கள். கடல் பக்க வாயில் நிறமுள்ள சொட்டு வந்தால் குழல் ஒன்று ஓட்டையாகிவிட்டது. பில்ஜில் துளி இல்லாமல், இன்ஜினும் நன்றாக ஓடிக்கொண்டே, கூலண்டைக் கடலுக்குக் கொடுத்துக்கொண்டிருப்பது பெரும்பாலும் இதுதான்.

இ. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு. எல்போவைக் கழற்றி மேனிஃபோல்டின் வாயில் டார்ச் அடியுங்கள். உலர்ந்த கரி இருக்க வேண்டும். அழுத்தத்தில் ஈரம் ஊறினால் சுவர் அரித்திருக்கிறது. எல்போவைக் கழற்றியதோடு அதன் உள்ளும் பாருங்கள். கரி அடைத்த எல்போவும் இன்ஜினைச் சூடாக்கும்.

ஈ. சிலிண்டர். அழுத்தத்தை இரவு முழுதும் வைத்துவிட்டு, காலையில் இன்ஜெக்டர்களையோ குளோ பிளக்குகளையோ கழற்றி, இன்ஜினைக் கையால் மெல்லச் சுற்றுங்கள். கூலண்ட் பீறினால் ஹெட் கேஸ்கட் அல்லது ஹெட் விரிசல். முகத்தைத் துளைக்கு நேரே வைக்காதீர்கள்.

எச்சரிக்கை: ஒரே இரவில் அதிகமாகக் கூலண்ட் காணாமல் போயிருந்தால் ஸ்டார்ட்டர் பட்டனைத் தொடாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் நின்றால் ஸ்டார்ட்டர் கனெக்டிங் ராடை வளைத்துவிடும். டிகம்ப்ரஷன் நெம்புகோல் இருந்தால் அதைத் தூக்கி, இல்லையென்றால் இன்ஜெக்டர்களைக் கழற்றி, கையால் சுற்றிப் பார்த்த பிறகே ஸ்டார்ட் செய்யலாம்.

உ. எண்ணெய். டிப் ஸ்டிக்கில் எண்ணெய் பால் கலந்த காப்பி நிறத்தில் இருக்கிறதா, மட்டம் ஏறியிருக்கிறதா? எக்ஸாஸ்ட் வழியாகக் கடல் தண்ணீர் பின்னோக்கி வந்தாலும் இதே நிறம்தான் வரும். ஆனால் அப்போது கூலண்ட் மட்டம் குறையாது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தே முடிவு செய்யுங்கள். எண்ணெயில் தண்ணீர் தெரிந்த இன்ஜினை ஓட்டக் கூடாது.

ஹெட் கேஸ்கட்டுக்கு இன்னொரு சோதனையும் உண்டு. ஆறிய இன்ஜினை மூடி இல்லாமல் ஸ்டார்ட் செய்து கழுத்தில் பாருங்கள். முதலில் வரும் சில குமிழிகள் சிக்கிய காற்று. வேகத்தைக் கூட்டக் கூட்ட விடாமல் குமிழிகள் வந்தால் எரிந்த வாயு உள்ளே புகுகிறது. தண்ணீர் சூடேறும் முன்பே நிறுத்திவிடுங்கள். வெள்ளைப் புகையை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். எக்ஸாஸ்ட்டில் கடல் தண்ணீர் கலக்கும் படகில், அதுவும் மழைவிட்ட காலையில், ஆவி வருவது சாதாரணம்.

## கண்டுபிடித்த பிறகு

எக்ஸ்சேஞ்சர் குழல் ஓட்டையானால் உள்கூட்டைக் கழற்றி, சிரம்பானிலோ வேறெங்கோ உள்ள நல்ல ரேடியேட்டர் பட்டறைக்குக் கொண்டுபோகலாம். படகுக்கானது, ஒரு பக்கம் உப்புத் தண்ணீர் ஓடும் என்று சொல்லுங்கள். பழுதுபார்த்த பிறகு உங்கள் எதிரிலேயே அழுத்தச் சோதனை செய்யச் சொல்லுங்கள். ஓட்டைக் குழலை இரு முனையிலும் அடைப்பது ஒரு தற்காலிக வழி. பத்தில் ஒரு குழலுக்கு மேல் அடைத்தால் குளிர்ச்சி போதாது. எக்ஸ்சேஞ்சரில் துத்தநாகக் கட்டை வைக்கும் இன்ஜின் என்றால், அது கரைந்துபோய் யாரும் கவனிக்காமல் விட்டதால்தான் குழல் அரித்திருக்கும். நம் கடல் ஆண்டு முழுதும் 30 டிகிரிக்கு அருகே இருக்கிறது. குளிர்நாட்டுக் கையேடு சொல்லும் இடைவெளியை நம்பாமல் அந்தக் கட்டையை அடிக்கடி கழற்றிப் பாருங்கள்.

கசிவை அடைக்கும் மருந்து என்று கடையில் விற்பதைப் படகு இன்ஜினில் ஊற்றாதீர்கள். ஓட்டையை அடைக்கும் அதே பொருள் எக்ஸ்சேஞ்சரையும் சுடுநீர்ச் சுருளையும் அடைக்கும்.

நிரப்பும்போது குழாய்த் தண்ணீர் வேண்டாம். இங்கே பனி உறையாது, வெறும் தண்ணீர் போதும் என்று நினைப்பவர்கள் உள்ளே துருவை வளர்க்கிறார்கள். கூலண்டில் உள்ள துருத்தடுப்பு மருந்துதான் நமக்கு முக்கியம். அடர்கூலண்ட் வாங்கினால் பேட்டரித் தண்ணீரைக் கலந்து பாதிக்குப் பாதி ஆக்குங்கள். வேறுவேறு வகைகளைக் கலந்தால் களியாகத் திரளக்கூடும். வோல்வோ பென்டாவின் பழைய பச்சையும் புதிய மஞ்சளும் ஒன்றோடொன்று சேரக் கூடாதவை. நிறத்தை நம்பாமல் டப்பாவின் பெயரைப் பாருங்கள், மாற்றுவதென்றால் முழுதும் வடித்துக் கழுவிவிட்டு மாற்றுங்கள்.

வடித்த கூலண்டைக் கடலில் விடாதீர்கள், பில்ஜ் பம்பையும் போடாதீர்கள். மலேசியாவின் 2005ஆம் ஆண்டு அட்டவணைக் கழிவு விதிகளில் எத்திலின் கிளைகோல் கழிவும் இடம்பெற்றிருக்கிறது. மூடியுள்ள கேனில் பிடித்து, பெயர் எழுதி, கழிவெண்ணெய் எடுக்கும் பட்டறையிடம் கேட்டுக் கொடுங்கள்.

## நடுக்கடலில் குறைந்தால்

1. வேகத்தைக் குறையுங்கள். பாயை ஏற்றுங்கள். கப்பல் தடத்திலிருந்து விலகிக் கரைப்பக்கம் வாருங்கள். ஆழம் குறைந்த இடம் கிடைத்தால் நங்கூரம் போட்டுவிட்டு இன்ஜினை நிறுத்துங்கள்.
2. ஆறும் வரை காத்திருங்கள். கொதிக்கும் இன்ஜினில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் ஹெட் விரிசல் விடும்.
3. ஆறியபின் கூலண்டோ குடிநீரோ ஊற்றுங்கள். மெல்ல நிரப்புங்கள்.
4. மூடியை முதல் பள்ளத்தில் மட்டும் வைத்து, குறைந்த வேகத்தில் ஓட்டுங்கள். அழுத்தம் ஏறாததால் கசிவு குறையும். கொதிநிலையும் குறைந்துவிடுவதால் வெப்ப முள்ளிலிருந்து கண்ணை எடுக்காதீர்கள், ஹெடர் அருகே யாரையும் விடாதீர்கள்.
5. காற்றும் இல்லை, கரைக்கும் வரமுடியவில்லை என்றால் தயங்காமல் வி.எச்.எஃப். 16ஆம் சேனலில் கூப்பிடுங்கள். கைப்பேசி எடுக்கும் தூரத்தில் 999 அழைத்தால் ஏபிஎம்எம் எனப்படும் கடல்சார் அமலாக்க நிறுவனத்துக்கு இணைப்பார்கள்.

பழுது தீர்ந்த பிறகும் அடுத்த சில ஓட்டங்களுக்கு முதல் கட்டத்தின் டேப்பையும் நோட்டையும் விடாதீர்கள். எல்லாம் செய்தும் மட்டம் குறைந்துகொண்டே இருந்தால், தஞ்சோங் துவான் கலங்கரை விளக்கத்தைத் தாண்டிப் போகும் பயணத்தை ஒத்திவையுங்கள். படகு இன்ஜின் தெரிந்த மெக்கானிக்கைக் கூப்பிட்டு, அந்த நோட்டை முதலில் அவர் கையில் கொடுங்கள்.